அவசர ஆஞ்சியோவுக்கு வெறும் வயிறு வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் சோதனைக்கு வந்த ஒரு பழைய விதி

ஆஞ்சியோ, அதாவது மெல்லிய குழாய் விட்டு இதய ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது, என்று முடிவானதும் வார்டில் முதலில் நிற்பது நோயாளியின் சாப்பாடுதான். ராத்திரி 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். காலை 8 மணிக்கு எடுப்பதாகச் சொன்ன கேஸ், நடுவில் மாரடைப்போடு ஒருவர் ஆம்புலன்ஸில் வந்து இறங்கியதும் 11 மணியாகிறது, அப்புறம் இன்னொருவர் வருகிறார், மதியம் 3 மணியாகிறது, சில நாள் இன்று முடியாது நாளைக்குத்தான் என்று சொல்லிச் சாயங்காலம் சாப்பிட விட்டுவிட்டு, ராத்திரி 12 மணிக்கு மறுபடி அதே கட்டளை. ஏற்கெனவே இதயம் அடிபட்டுக் கிடப்பவர், வயதானவர், பெரும்பாலும் சுகரும் உள்ளவர். முந்தைய நாள் இரவு சாப்பிட்ட இரண்டு இட்லியோடு மறுநாள் மதியம் வரை கிடக்கிறார்.

இந்தப் பட்டினி தேவைதானா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி விழித்திருக்க, கையிலோ தொடையிலோ லோக்கல் ஊசி போட்டு, வேண்டுமானால் லேசான செடேஷன் (பதற்றம் தணிக்கும் அரைத்தூக்க மருந்து) கொடுத்துச் செய்யும் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் வேலைகளுக்கு வெறும் வயிறு ஒரு நிபந்தனையாக இருக்க வேண்டியதில்லை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறது என்பதற்காக அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று மணிக்கணக்கில் பட்டினி போடவும் கூடாது. முழு மயக்கம் கொடுக்கும் வேலை என்றால் கணக்கு வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்படித் தைரியமாகச் சொல்ல முடிவதற்கு முக்கியக் காரணம் ஸ்காஃப் என்ற ஆய்வு. அதைத்தான் இங்கே கேஸாக எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காஃப்: என்ன செய்தார்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கே நியூகாசிலில் உள்ள ஜான் ஹன்டர் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் ஃபெரைராவும் அவர் குழுவும் கேத் லேபுக்கு (இந்த வேலைகளைச் செய்யும் அறை) வரும் 716 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான விதி: திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த பானம் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தம். இன்னொரு பாதிக்கு விதியே இல்லை, வழக்கம்போல் சாப்பிடுங்கள் என்று சொன்னார்கள். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஆஞ்சியோ, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தும் வேலைகள் எல்லாம் இதில் அடக்கம். எல்லாமே நோயாளி விழித்திருக்கும் செடேஷனில் செய்யக் கூடியவை.

எதைக் கணக்கெடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டினி போடாவிட்டால் நடக்கும் என்று பயப்படுவது ஒன்றே ஒன்று: வாந்தி வந்து அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் நிமோனியா ஆவது. பட்டினி போட்டால் நடக்கக் கூடியவை மூன்று: பிரஷர் இறங்குவது, சுகர் இறங்குவது, சுகர் தாறுமாறாக ஏறுவது. இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து, எந்தப் பக்கம் கெடுதல் அதிகம் என்று பார்த்தார்கள். இது சரியான கேள்வி என்று நினைக்கிறேன். ஏனென்றால் வார்டில் நாம் எப்போதும் முதல் ஆபத்தை மட்டும் எண்ணுகிறோம், மற்ற மூன்றும் பட்டினியால் வந்தவை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கேத் லேப் டேபிளில் பிரஷர் 80-க்கு இறங்கினால் சலைன் வேகத்தைக் கூட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்தவர் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

முடிவு 2024-ல் லண்டனில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் வெளியானது. பட்டினி இருந்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கு அந்த நான்கில் ஏதோ ஒன்று நடந்திருந்தது. சாப்பிட்டு வந்தவர்களில் 12 சதவீதம். நுரையீரல் பிரச்சினை, சிறுநீரகப் பாதிப்பு, ஐசியூ-வுக்குப் போக வேண்டி வந்தது, 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆனது என்று தனித்தனியாகப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பிட்டு வந்தவர்கள் திருப்தியாக இருந்தார்கள். தாங்கள் எந்தக் குழு என்று நோயாளிக்குத் தெரியும் என்பதால் அந்தத் திருப்தியை நான் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பசியோடு காத்திருப்பது துன்பம் என்பதற்கு ஆய்வே தேவையில்லை.

என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு எண். விதிப்படி திட உணவை நிறுத்த வேண்டியது 6 மணி நேரம், பானத்தை நிறுத்த வேண்டியது 2 மணி நேரம். உண்மையில் பட்டினிக் குழுவில் இருந்தவர்கள் சாப்பிடாமல் இருந்தது 13 மணி நேரத்துக்கு மேல், குடிக்காமல் இருந்தது சுமார் 7 மணி நேரம். ஆய்வு நடக்கிறது, எல்லாரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்போதே இப்படி. 6 மணி நேரம் என்று யார் எழுதினாலும் வார்டுக்குப் போய்ச் சேரும்போது அது இரட்டிப்பாகிவிடுகிறது. காரணம் எளிமையானது. கேஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது, அதனால் சீக்கிரமாக நடக்கக் கூடிய நேரத்தை வைத்துப் பட்டினியை ஆரம்பிக்கிறார்கள், தாமதமாக நடக்கும் நேரத்தில்தான் அது முடிகிறது. இது நர்ஸ்களின் தவறு இல்லை. யாருடைய ஆஞ்சியோ எப்போது என்று தெரியாத நிலையில் அவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

ஸ்காஃப் மட்டும் தனியாக நிற்கவில்லை. அமெரிக்காவில் 599 பேரை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், பட்டினிக் குழுவில் 11.3 சதவீதம் பேருக்கும் சாப்பிட்ட குழுவில் 9.8 சதவீதம் பேருக்கும் பிரச்சினை வந்தது. பிரான்ஸில் 739 சிகிச்சைகளை வைத்து நடந்த ஆய்வில் அவசரம் இல்லாத கேஸ்களோடு ஓரளவு அவசரமானவையும் சேர்ந்திருந்தன, அங்கேயும் சாப்பிட்டவர்கள் பின்தங்கவில்லை, பிரச்சினை வந்தது பட்டினிக் குழுவில் 9.9 சதவீதம், சாப்பிட்ட குழுவில் 8.2. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை பட்டினி போடாமலேயே ஸ்டென்ட் வைத்த 1,916 கேஸ்களைத் திரும்பிப் பார்த்து 2014-ல் எழுதியது. அதில் ஒருவருக்குக்கூடப் புரையேறிய நிமோனியா வரவில்லை, அவசரமாகக் குழாய் போட்டு மூச்சு கொடுக்க வேண்டியும் வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1,916-ல் ஒன்றும் இல்லை என்றால் ஆபத்து பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை. புள்ளியியல் கணக்குப்படி, உண்மையான ஆபத்து சுமார் 640-ல் 1 வரை இருந்தால்கூட இப்படி ஒரு முடிவு வர வாய்ப்பு உண்டு. ஸ்காஃபின் 716 பேரும் இவ்வளவு அரிதான ஒன்றை அளக்கப் போதாது. ஆகவே இந்த ஆய்வுகள் நிரூபிப்பது புரையேறவே ஏறாது என்பதை அல்ல. அந்த அரிதான ஆபத்துக்குப் பயந்து நாம் எல்லாருக்கும் போடும் பட்டினி, அதைவிட அடிக்கடி நடக்கும் கெடுதல்களைக் கொண்டுவருகிறது என்பதைத்தான்.

விதி எங்கிருந்து வந்தது

1848 ஜனவரி. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே வின்லட்டன் என்ற ஊரில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது இறந்துபோனாள். குளோரோஃபார்மை அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் சிம்ப்சன், மருந்தால் அல்ல, அவளை எழுப்ப வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் மூச்சை அடைத்ததால்தான் இறந்தாள் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியா என்பது வேறு விஷயம். ஆனால் மயக்கத்தில் இருப்பவரின் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற கவலை அப்போதே பேசப்பட்டிருக்கிறது. (ஒரு நியூகாசில் அருகே எழுந்த கவலையை 176 ஆண்டு கழித்து உலகின் மறுகோடியில் உள்ள இன்னொரு நியூகாசில்காரர்கள் சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.)

பிறகு 1946. நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 44,016 பிரசவங்களின் பதிவுகளை அலசி, மயக்கத்தின்போது 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருப்பதைக் காட்டினார். இரண்டு பேர் திட உணவு அடைத்து இறந்திருந்தார்கள். வயிற்று அமிலம் நுரையீரலை எப்படி எரிக்கிறது என்று முயல்களிலும் செய்து பார்த்தார். ஆனால் அந்தப் பெண்கள் யார்? பிரசவ வலியில் இருந்தவர்கள், மாஸ்க் வழியாக வாயு கொடுத்து முழு மயக்கத்தில் ஆழ்த்தப்பட்டவர்கள், மூச்சுக்குழலில் பாதுகாப்புக் குழாய் இல்லாதவர்கள். அவர்களுக்கு அந்த ஆபத்து நிஜம். அவர்களுக்காகச் சொன்ன விதி கொஞ்சம் கொஞ்சமாக எல்லா ஆபரேஷனுக்கும் பரவி, நள்ளிரவுக்கு மேல் எதுவும் கூடாது என்ற ஒற்றை வரியாக மாறிவிட்டது. வார்டு முழுக்க ஒரே கட்டளை போட்டுவிட்டால் யாரையும் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் அல்லவா. இத்தனைக்கும் 1883-லேயே லிஸ்டர், மயக்கத்துக்கு முன் வயிற்றில் திட உணவுதான் இருக்கக் கூடாது, இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கோப்பை டீ குடிப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார். தண்ணீர் குடித்தால் அதில் பாதி கால் மணி நேரம், 20 நிமிடத்துக்குள் வயிற்றைவிட்டு இறங்கிவிடும் என்பது இன்று அளந்து பார்த்த உண்மை.

கேத் லேபுக்கு இந்த விதி வந்ததற்கு அந்தக் காலத்தில் நியாயமான காரணங்கள் இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1958-ல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதய ரத்தக்குழாயை நேரடியாகப் படம் எடுக்க ஆரம்பித்தபோதும், 1977 செப்டம்பரில் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தபோதும் ஊசியில் போன டை (ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாயம்) மிகவும் அடர்த்தியானது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரியும், குமட்டும், பலர் வாந்தி எடுப்பார்கள். பலூன் போட்ட இடத்தில் ரத்தக்குழாய் கிழிந்து அப்படியே பைபாஸ் ஆபரேஷனுக்கு ஓட வேண்டிய கேஸ்களும் நூற்றுக்குச் சில இருந்தன. அப்படி ஓடினால் முழு மயக்கம், அதற்கு வெறும் வயிறு. எல்லாம் பொருந்தி வந்தது.

இன்று டை மாறிவிட்டது. அடர்த்தி குறைந்த இப்போதைய டைக்கு வாந்தி அரிது, அதைப் போடுவதற்கு முன் பட்டினி தேவையில்லை என்று ஐரோப்பிய கதிரியக்கத் துறையினரின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதே டையை சி.டி. ஸ்கேனுக்காகப் போடும்போது பட்டினி வேண்டாம், கேத் லேபில் போடும்போது வேண்டும் என்றால் அது பழக்கம், காரணம் அல்ல. ஸ்டென்ட் வந்த பிறகு அவசரமாக பைபாஸுக்கு ஓடுவது 1 சதவீதத்துக்கும் வெகு கீழே போய்விட்டது. தொடைக்குப் பதில் மணிக்கட்டு வழியாகப் போவதால் வேலை முடிந்த கொஞ்ச நேரத்தில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். காரணங்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, விதி மட்டும் மிச்சம்.

அவசரத்திலும் பல வகை

முழு அடைப்பு மாரடைப்பு, அதாவது ஈ.சி.ஜி.யில் எஸ்.டி. மேலே ஏறி நிற்பது, வந்தால் யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள், பிரியாணி இப்போதுதான் என்று பதில் வந்தாலும் டேபிளில் ஏற்றிவிடுவார்கள். சரிதான். ஆஞ்சியோ வசதி உள்ள மருத்துவமனையில் ஈ.சி.ஜி. பார்த்து முடிவானதிலிருந்து 60 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இலக்கு, வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிடம் என்பது அமெரிக்க இலக்கு. நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸோடு இணைத்து இங்கே நடத்திய திட்டத்தில் 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது. மருந்தில் புதுமை எதுவும் இல்லை, ஒழுங்கான ஏற்பாடுதான். இப்படிப்பட்ட நோயாளிக்கு வயிறு காலியாகட்டும் என்று 6 மணி நேரம் காத்திருந்தால் இதயத் தசை செத்துவிடும்.

இந்த நோயாளிகளைத்தான் நான் சான்றாகக் காட்ட விரும்புகிறேன். உலகம் முழுக்க, வருடம் முழுக்க, வயிறு நிறையச் சாப்பிட்டவர்களும் படபடப்போடு, வலியோடு, வியர்த்துக் கொட்டியபடி கேத் லேபுக்குள் போகிறார்கள். எல்லாரையும்விட ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான், இவர்களுக்குத்தான் பட்டினி கிடையாது. இவர்களைவிட நிதானமாக இருப்பவரைப் பக்கத்து வார்டில் பட்டினி போடுகிறோம்.

அந்தப் பக்கத்து வார்டுக்காரர்தான் இந்த விவகாரத்தில் அதிகம் அவதிப்படுபவர். ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டதை ரத்தத்தில் காட்டும் புரதம்) ஏறியிருக்கும், ஈ.சி.ஜி.யில் முழு அடைப்பு தெரியாது, வலி மருந்துக்கு அடங்கியிருக்கும். இவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களை 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு எடுக்க முயல வேண்டும் என்பது வழிகாட்டுதல். 24 மணி நேரத்துக்குள் எப்போது? கேத் லேப் காலியாகும்போது. அதாவது எந்த நேரமும் கூப்பிடலாம், ஆகவே எந்த நேரமும் பட்டினி. ஒரு நாள் முழுக்க இப்படிக் காத்திருந்தவர் டேபிளுக்குப் போகும்போது உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். டை போடும்போது சிறுநீரகத்தைக் காப்பாற்ற நமக்குத் தெரிந்த நல்ல வழி உடம்பில் நீர்ச்சத்து இருப்பது, அதைக் கெடுத்து அனுப்பிவிட்டு டிரிப் போட்டு ஈடுகட்டுகிறோம். மணிக்கட்டில் ஊசி ஏற்றும்போது வலியில் நாடித்துடிப்பு குறைந்து மயங்கிச் சரிபவர்களும் வறண்டு போனவர்களில் அதிகம்.

இன்னொன்று, மாரடைப்பு வந்தவருக்குக் கடிகாரம் பார்த்துப் பட்டினி போட்டாலும் வயிறு காலி என்று உறுதி சொல்ல முடியாது. வலி, பயம், மார்ஃபின் ஊசி மூன்றுமே இரைப்பையின் வேகத்தைக் குறைக்கும். பல வருட சுகர்காரருக்கு இரைப்பை நரம்பே மந்தமாகியிருக்கும். மார்ஃபின் கொடுத்த நோயாளிக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் டிகாக்ரெலார் மாத்திரை ரத்தத்தில் சேர நேரமாகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், காரணம் மாத்திரை வயிற்றிலேயே தங்குவதுதான். அப்படியிருக்க, 6 மணி நேரம் ஆகிவிட்டது, இனி பாதுகாப்பு என்று நினைப்பது பொய்யான நிம்மதி. பத்திரமாகச் செய்ய வேண்டுமென்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும்: குமட்டுகிறதா, வாந்தி எடுத்தாரா, சுயநினைவு தெளிவா, எவ்வளவு செடேஷன் கொடுக்கப் போகிறோம், பக்கத்தில் உறிஞ்சும் கருவி தயாராக இருக்கிறதா.

அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் பட்டினி விதியை (1999-ல் வந்து பிறகு பல முறை திருத்தப்பட்டது) எடுத்துப் படித்தால், அது ஆரோக்கியமானவர்களுக்குத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கானது என்று அதிலேயே இருக்கிறது. தெளிந்த பானம் 2 மணி நேரம், லேசான உணவு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் என்றால் 8 மணி நேரம்கூட ஆகலாம். அவசர சிகிச்சை அதன் எல்லைக்கு வெளியே. அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் 2014-ல் இன்னும் நேரடியாக, அவசரப் பிரிவில் செடேஷன் கொடுக்க வேண்டிய வேலையைச் சாப்பிட்ட நேரத்தைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நள்ளிரவு என்ற நேரம் இந்த எந்த வழிகாட்டுதலிலும் கிடையாது.

சுகர்காரர் விஷயம்

இது நம் ஊரில் ஆஞ்சியோவுக்கு வருபவர்களில் பெரும் பகுதியினரின் விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். காலையில் வழக்கமான இன்சுலின் போட்டாகிவிட்டது, 8 மணி கேஸ் 2 மணிக்குப் போய்விட்டது, சாப்பாடு இல்லை. சுகர் இறங்கும். வியர்வை, படபடப்பு, குழப்பம், இதெல்லாம் மாரடைப்பின் அறிகுறி மாதிரியே இருப்பதால் வார்டில் ஈ.சி.ஜி. எடுக்க ஓடுவார்கள், குளுக்கோமீட்டர் அப்புறம்தான் நினைவுக்கு வரும். பயந்துபோய் இன்சுலினை மொத்தமாக நிறுத்தினால் 300-க்கு மேல் ஏறும். சாப்பாடும் மருந்தும் வழக்கம்போல் போனால் இந்த இரண்டு தலைவலியும் பெருமளவு குறையும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். முன்பு சுகருக்கு மட்டும் கொடுத்தார்கள், இப்போது இதயம் பலவீனமான நோயாளிகளுக்கும் முக்கியமான மருந்து, நல்ல மருந்து. ஆனால் இதைச் சாப்பிடுபவர் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து ரத்தம் அமிலமாக மாறும் ஆபத்து உண்டு, அதுவும் சுகர் அளவு ஏறாமலேயே. குளுக்கோமீட்டர் 160 காட்டும், எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள், நோயாளிக்கு வாந்தியும் மூச்சு வாங்கலும் இருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்லி அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் எழுதியது. அவசர ஆஞ்சியோவில் 3 நாளுக்கு எங்கே போவது? அங்கே நம் கையில் இருக்கும் வழி, தேவையில்லாமல் பட்டினி போடாமல் இருப்பதும், உடம்பு சரியில்லை என்று தோன்றினால் ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது சேரும் அமிலப் பொருள்) பார்ப்பதும்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய விதியை மாற்ற வேண்டும் என்று சொல்வேன்.

இன்னொரு அபத்தமும் நடக்கிறது. வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று எழுதிய அதே சீட்டில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் லோடிங் டோஸும் (முதலில் ஒரே தடவையாகக் கொடுக்கும் பெரிய அளவு) எழுதப்பட்டிருக்கும். இவை தண்ணீரோடுதான் போக வேண்டும். ஒன்றும் கூடாது என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஸ்டென்ட் வைக்கப் போகிறவருக்கு அது பட்டினியைவிடப் பெரிய ஆபத்து.

எங்கே வெறும் வயிறு வேண்டும்

முழு மயக்கமோ, மூச்சைத் தானாகக் காக்க முடியாத அளவு ஆழமான செடேஷனோ கொடுத்துச் செய்யும் எதற்கும் வேண்டும். உணவுக்குழாய் வழியாகக் குழாய் இறக்கிப் பார்க்கும் எக்கோவுக்கு வேண்டும், குழாய் போகும் வழியே சாப்பாடு போகும் வழிதான், குமட்டல் நிச்சயம். தாளம் தப்பிய இதயத்துக்கு மின் ஷாக் கொடுப்பதும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து போட்டுச் செய்வதால் திட்டமிட்ட கேஸ் என்றால் வேண்டும். ஆனால் தாளம் தப்பிப் பிரஷர் விழுந்துகொண்டிருப்பவருக்கு ஷாக்தான் முதலில், சாப்பிட்ட நேரம் எதுவானாலும். இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கோத்து அழுத்துபவருக்கு ஊசி போட்டு வடிப்பதும், நாடி 30-க்கு இறங்கியவருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் போடுவதும் அதே ரகம்.

அப்புறம் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி இந்த ஆய்வுகள் எதுவும் பேசவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று வாங்கிக்கொண்டிருப்பவர், பிரஷர் விழுந்து ரத்த ஓட்டம் குலைந்து கிடப்பவர், நினைவு தடுமாறுபவர், விடாமல் வாந்தி எடுப்பவர். இவர்களுக்கு எந்த நிமிடமும் மூச்சுக்குக் குழாய் போட வேண்டி வரலாம். ஸ்காஃப் முடிவைக் காட்டி இவர்களுக்கு இட்லி ஊட்டக் கூடாது. சாப்பாடும் கூடாது, காத்திருப்பும் கூடாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 2,15,488 மயக்க சிகிச்சைகளைப் பார்த்து 1993-ல் எழுதிய கணக்கில், புரையேறியது மொத்தத்தில் 3,216-க்கு ஒருவர், அவசர ஆபரேஷனில் மட்டும் பார்த்தால் 895-க்கு ஒருவர். முழு மயக்கத்தில் அவசர கேஸின் ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அதற்கு மயக்க மருத்துவர்களிடம் வழி இருக்கிறது. மருந்தை வேகமாகக் கொடுத்து, உடனே குழாயைப் போட்டு, மூச்சுக்குழலை மூடிவிடுகிறார்கள். விபத்தில் வருபவர்களுக்கும் அவசர சிசேரியனுக்கும் தினமும் செய்வது அதுதான்.

வார்டில் என்ன மாற வேண்டும்

பட்டினியை முடிவுசெய்யும் கேள்வி என்ன சிகிச்சை என்பதாக இல்லாமல் என்ன செடேஷன் என்பதாக இருக்க வேண்டும். லோக்கல் மட்டுமா, அரைத்தூக்கத்துக்கும் வலிக்கும் மிடாசோலமும் ஃபென்டனிலும் கொஞ்சமா, முழு மயக்கமா? ஆஞ்சியோ எழுதும் மருத்துவர் அந்தச் சீட்டிலேயே இதையும் எழுதிவிட்டால் நர்ஸுக்குத் தெளிவாகிவிடும். முதல் இரண்டும் என்றால் லேசான சாப்பாடு, தண்ணீர், எல்லா மாத்திரையும் வழக்கம்போல். முழுதாக மாறத் தயங்கும் மருத்துவமனைகள் குறைந்தபட்சம் தண்ணீரையாவது திறந்துவிடலாம், அதற்குப் புதிய ஆய்வுகூடத் தேவையில்லை, 1999-லிருந்தே 2 மணி நேரம்தான் விதி. நேரம் தள்ளிப்போகிறது என்று தெரிந்ததும் கேத் லேபிலிருந்து வார்டுக்கு ஒரு போன் வர வேண்டும்.

கூட இருக்கும் குடும்பத்தார் கேட்கலாம், தயங்க வேண்டாம்: மயக்கம் கொடுப்பீர்களா டாக்டர், தண்ணீர் எப்போது வரை குடிக்கலாம், சுகர் மாத்திரையும் இன்சுலினும் எவ்வளவு, நேரம் தள்ளிப்போனால் சாப்பாடு தரலாமா? பதில் வேண்டாம் என்று வந்தால் அதன்படியே இருங்கள், உங்கள் நோயாளிக்கு ஏதோ தனிக் காரணம் இருக்கலாம். பாவம் பசிக்கிறதே என்று மறைத்து ஊட்டுவது மட்டும் வேண்டாம். ஏதாவது கொடுத்துவிட்டிருந்தால், திட்டுவார்களோ என்று பயப்படாமல் என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று டேபிளில் ஏற்றுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் செடேஷனைக் குறைப்பார்கள், உறிஞ்சும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள், மயக்க மருத்துவர் வந்தாலும் குழாய் போடும் முறையை மாற்றிக்கொள்வார்.